வேலிக்கு இந்தப்பக்கத்துச் சம்பளம்

தம்பிமாரே, போன கிழமை உங்கள் சங்கக் கூட்டத்தில் நடந்த சண்டையை நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரே துளைப்பு யந்திரம், ஒரே வேலை. மன்னாரில் நிற்பவனுக்கு ஒரு சம்பளம், யாழ்ப்பாணத்தில் நிற்பவனுக்கு இன்னொரு சம்பளம். இதென்ன நியாயம் என்று மேசையில் அடித்துக் கேட்டீர்கள். அநியாயம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் அது அநியாயம்தான். சண்டை பிடியுங்கள், நான் மறிக்கமாட்டேன். ஆனால் உங்களில் ஒருவர் எழும்பி, "தூரத்துச் சம்பளம் எடுக்கிறவன் சும்மா இருந்து எடுக்கிறான்" என்று சொன்னாரே, அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்காகத்தான் இந்தக் கதை. பெயர் சொல்லமாட்டேன், ஆளுக்கே விளங்கும்.

எங்கள் காலத்தில் சம்பளங்களுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்திருந்தோம். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை செய்தால் அது வீட்டுச் சம்பளம், எல்லாவற்றிலும் குறைந்தது. ஊர்விட்டு ஊர் போனால் தூரச் சம்பளம். மன்னாருக்கும் வன்னிக்கும் போனால் இன்னும் கொஞ்சம் கூட. அதற்குக் காய்ச்சல் சம்பளம் என்று பெயர், ஏனென்றால் அதில் பாதி மலேரியாவுக்குக் குடிக்கிற கொயினா மருந்துக்குப் போய்விடும். போர்ணியோவில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போனவர்கள் வாங்கியது கடல் சம்பளம். அதைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும், கோயிலுக்குள் நிற்பது போல.

தூரச் சம்பளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலைக்குச் சேரும்போது உன் சொந்த ஊர் எது என்று கொழும்பில் இருக்கிற கந்தோரில், அதுதான் தலைமை அலுவலகத்தில், பதிவார்கள். யந்திரம் அந்த ஊரிலிருந்து எட்டத்தில் நிற்க வேண்டும், நீ வீட்டை விட்டு வந்து இரவில் முகாமில் படுக்க வேண்டும். வீட்டில் போய்ப் படுத்தால் அந்த மாதத்துக் கூடுதல் படி போச்சு. யார் எங்கே படுத்தார்கள் என்று மாத முடிவில் கையெழுத்து வைப்பது முகாமுக்குப் பொறுப்பானவன். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின அந்த வருசங்களில் எங்கள் முகாமுக்குப் பொறுப்பு நான். கலியாணமும் இல்லை, காட்சியும் இல்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசும் முன்கோபமும்தான் என்னுடைய சொத்து.

என்னோடு இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவன் கந்தையா. கோப்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன், யந்திரக்காரன். மற்றவன் நல்லதம்பி, வல்வெட்டித்துறைப் பொடியன். துளையிலிருந்து வரும் கல்லை வரிசையாகப் பெட்டியில் அடுக்கி, தண்ணீரை நாக்கில் வைத்து உப்பா நன்னீரா என்று பார்ப்பவன். அவனுடைய தகப்பன் பாய்க்கப்பலோடு போய்த் திரும்பி வராதவர். வீட்டில் தாயும் ஒரு தங்கச்சியும். அந்தத் தங்கச்சிக்குத் தை மாதம் கலியாணம் என்று நாள் வைத்திருந்தார்கள். சொன்ன சீதனத்தைக் கொடுக்க நல்லதம்பியின் தூரச் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டில் வேறு வழி இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மன்னார்ப் பக்கம் நின்றபோது நல்லதம்பிக்கும் கலியாணம் நடந்தது. பெண் கோப்பாய். பெயர் சிவபாக்கியம். ஒரு கிழமை லீவில் போய்த் தாலியைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். பிறகு யந்திரத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மாற்றச் சொல்லிக் கட்டளை வந்தது. எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? கோப்பாய்க்கு. கோப்பாயில் எந்தக் காணிக்கு? சிவபாக்கியத்தின் வீட்டு வேலிக்கு அடுத்த புகையிலைத் தோட்டத்துக்கு. கூடாரத்துக்கும் அவள் சமைக்கிற குசினிக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

"உனக்கு அடிச்சது யோகம் மச்சான்" என்று கந்தையா அவன் முதுகில் தட்டினான்.

நல்லதம்பி சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் என்னிடம் வந்தான். "அண்ணை, என்ரை ஊர் வல்வெட்டித்துறை எண்டுதானே கந்தோரிலை பதிஞ்சு கிடக்கு?"

"ஓம்."

"அப்ப நான் இஞ்சை முகாமிலை படுத்தால் தூரச் சம்பளம் வருமெல்லோ?"

"வரும். ஆனால் உம்முடைய வீடு அந்தா தெரியுதே, நல்லதம்பி."

"தை வரைக்கும்தான் அண்ணை. தங்கச்சியின்ரை காரியம் முடியட்டும்."

எங்களூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடித்தவனுக்கு வீடு என்றால் பெண்சாதியின் வீடுதான். தாய் வீட்டுக்கு அவன் போனால் விருந்தாளி போலத்தான் போவான். கொழும்புக் கந்தோருக்கு இது தெரியாது. பிறந்த ஊர்தான் ஊர் என்று அவர்கள் இருந்தார்கள். சட்டப்படி நல்லதம்பி வீட்டை விட்டு எட்டத்தில் வேலை செய்பவன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. படுப்பது முகாமில் என்றால் நான் மனச்சாட்சியோடு கையெழுத்து வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படித்தான் எங்கள் கோதாரித் தொல்லை தொடங்கியது.

மத்தியானம் பொட்டுக்குள்ளால் போய்ப் பெண்சாதி வீட்டில் சாப்பிடுவான். பொழுதுபடத் திரும்பி வந்து கூடாரத்தில் பாயை விரிப்பான். புதுமாப்பிள்ளை! தண்ணீர் தேடித்தான் துளைக்கிறோம் என்று தெரியாமல், நாங்கள் நிலத்துக்கடியில் மண்ணெண்ணெய் எடுக்கிறோம் என்று நம்பிப் போத்தலோடு வந்து நின்ற சனம், போத்தலை மறந்துவிட்டு இவனைப் பார்க்கத் தொடங்கியது. கிணற்றடியில், சந்தையில், கோயில் வீதியில் எல்லாம் இதே கதை.

"மாப்பிளை கோவிச்சுக்கொண்டு கூடாரத்திலை கிடக்கிறாராம்."

"சாப்பாட்டிலை கோவமில்லைப் போலை. படுக்கையிலைதான் கோவம்."

"சீதனத்திலை ஏதோ சுத்துமாத்து நடந்திருக்கு. இல்லாட்டி ஏன் இப்பிடி?"

நல்லதம்பி உள்ளதைச் சொல்லாமல் இல்லை. பெண்சாதிக்கும் மாமனுக்கும் கந்தோர்ச் சட்டம் என்று சொல்லித்தான் பார்த்தான். ஆனால் சொந்த வீட்டில் படுத்தால் சம்பளத்தை வெட்டுவான் என்று ஒரு சட்டம் இருக்கிறது என்றால் எந்த விசரன் நம்புவான்? "கொழும்பிலை இருக்கிறவனுக்கு இவர் எங்கை படுக்கிறார் எண்டு என்ன சோலி?" என்று மாமன் கேட்டாராம். கேள்வி சரியான கேள்விதானே. தங்கச்சியின் சீதனத்துக்கு இந்தக் காசு வேண்டும் என்பதை மட்டும் நல்லதம்பி வாய்விடவில்லை. பெண் எடுத்த வீட்டில் போய்த் தன் வீட்டுக் குறையைச் சொல்ல அவனுக்கு ரோசம். அந்த ரோசத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

சிவபாக்கியத்துக்குக் கீழே இன்னொரு பெண் இருந்தாள். அவளுக்குத் தென்மராட்சியில் ஒரு சம்பந்தம் பேசி முக்கால்வாசி பொருந்தியிருந்தது. கூடாரத்துக் கதை அங்கேயும் போய்விட்டது. மூத்த மாப்பிள்ளைக்குச் சொன்னதைக் கொடுக்காத வீட்டில் நாங்கள் எப்படிச் செய்வது என்று அந்தப் பகுதி இழுக்கத் தொடங்கியது. பாருங்கள் கூத்தை. இவன் கூடாரத்தில் படுத்தால்தான் இவன் தங்கச்சிக்குக் கலியாணம். இவன் கூடாரத்தில் படுப்பதாலேயே அவள் தங்கச்சிக்குக் கலியாணம் குழம்புகிறது. ஒரு பாய், இரண்டு பெண்களின் வாழ்க்கை.

முகாமுக்குள்ளும் நிம்மதி இல்லை. கந்தையா ஒருநாள் என்னோடு கொதித்தான். "அண்ணை, நானும் அவனும் ஒரே யந்திரத்திலைதான் நிக்கிறம். அவன்ரை வீடு வேலிக்கு அங்காலை, என்ரை வீடு ஒழுங்கைக்கு அங்காலை. அவனுக்குத் தூரச் சம்பளம், எனக்கு வீட்டுச் சம்பளம். உது எந்த ஊர் நியாயம்?" பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். "பேசாமல் போய் வேலையைப் பார்" என்று கத்தினேன். ஆனால் அன்றைக்கு ஒரு முடிவும் எடுத்தேன். நல்லதம்பி ஒருநாளாவது இரவில் களவாக வேலி தாண்டினால் கையெழுத்து வைப்பதில்லை. கந்தையா போன்ற ஒருவன் பக்கத்தில் நின்று குறைந்த கூலிக்கு அதே வேலையைச் செய்யும்போது, மற்றவனுக்குப் பொய்க் கையெழுத்து வைப்பது கந்தையாவின் கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். ஊர் முழுக்க என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்றது. சொல்லட்டும்.

ஐப்பசி மழை பிடித்தது. எங்கள் கூடாரங்கள் மன்னார் வெயிலில் காய்ந்து நூலாகிப் போனவை. ஒழுக்குக்குக் கீழே கல்லுப் பெட்டியை வைப்பதா ஆளைப் படுக்க வைப்பதா என்று தெரியாது. ஒருநாள் பகல் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. பொழுதுபடும் நேரத்தில் நல்லதம்பி நனைந்த பாயைப் பிழிந்துகொண்டு நின்றான். வேலிக்கு அங்கால் சிவபாக்கியம் விளக்கோடு வாசலில் நின்று இவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கலியாணம் செய்யாதவனுக்கும் சில காட்சிகள் விளங்கும், தம்பிமாரே.

அடுத்தநாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. மாமனார் வேலுப்பிள்ளை பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். மனிதர் தோட்டம் துரவு உள்ள, ஊரில் நல்ல மதிப்புள்ள கமக்காரர். சால்வையைத் தோளில் போடாமல் இடுப்பில் கட்டியிருந்தார், கெஞ்ச வருகிறவர் போல. அதைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் எழும்பிவிட்டோம். கையில் காணி உறுதிப் பத்திரம்.

"தம்பி," என்றார் மருமகனிடம். "நான் பழைய காலத்து ஆள். எனக்கு உங்கடை கந்தோர்ச் சட்டம் ஒண்டும் விளங்கேல்லை. குறை என்ன எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. கிழக்குத் தோட்டத்தையும் நல்ல தண்ணிக் கிணத்துப் பங்கையும் உங்கடை பேரிலை எழுதித் தாறன். சின்னவளுக்கு எண்டு வைச்சிருந்தனான். பரவாயில்லை. நீங்கள் மழையிலை கிடக்கிறதை என்ரை பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கேலாது."

நல்லதம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ மாமா! எனக்கு ஒரு தோட்டமும் வேண்டாம். உங்களிலை எனக்கு என்ன குறை?" என்று சொல்லிக்கொண்டே போனவன், அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தங்கச்சி, தை மாதம், சொன்ன சீதனம், தகப்பன் இல்லாத வீடு, எல்லாம். கந்தையாவும் கேட்டுக்கொண்டு நின்றான். சொல்லி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினான். "அண்ணை, இண்டையோடை நான் முகாமிலை படுக்கேல்லை எண்டு எழுதுங்கோ. தங்கச்சிக்கு வேறை எங்கையாவது கடன்படுறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினால் ஒரு பெண்ணின் கலியாணம் நிற்கும். எழுதாவிட்டால் இன்னொரு பெண்ணின் கலியாணம் நிற்கும். "இப்ப ஒண்டும் எழுதேல்லை, எல்லாரும் ஆறுதலா இருங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது பொட்டு மறுபடி அசைந்தது. முதலில் ஒரு பாய் வந்தது. பிறகு ஒரு தலையணை. பிறகு சோற்றுப் பானை. அதற்குப் பின்னால் சிவபாக்கியம். வேலிக்கு அங்கால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, உறுதியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கை வையுங்கோ. அது தங்கச்சியின்ரை" என்றாள். பிறகு புருசனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உங்கடை தங்கச்சி எனக்கு ஆர்? மச்சாளெல்லோ? என்னட்டைச் சொன்னால் நான் என்ன குறைஞ்சே போவன்?" அவன் தலை குனிந்து நின்றான். அதோடு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அவர் வீட்டை வந்து படுக்கக்கூடாது எண்டுதானே சட்டம்?"

"ஓம் பிள்ளை."

"பெண்சாதி முகாமுக்கு வரக்கூடாது எண்டு சட்டம் இருக்கோ?"

நான் யோசித்தேன். இங்கிலீசில் அச்சடித்த சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு வரி அதில் இல்லை. எழுதியவனுக்கு இப்படி ஒரு பெண் உலகத்தில் இருப்பாள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

"இல்லை" என்றேன்.

"அப்ப ஒழுகாத கூடாரம் ஒண்டு ஒதுக்கித் தாருங்கோ."

ஒழுகாத கூடாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. கொடுத்தேன். நான் கல்லுப் பெட்டிகளோடு போய்ப் படுத்தேன். அடுத்தநாள் விடியக் கந்தையா தன் வீட்டிலிருந்து கிடுகுகளைக் காவிக்கொண்டு வந்தான். யாரும் கேட்கவில்லை. வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டு அந்தக் கூடாரத்தைச் சுற்றி மறைப்புக் கட்டினான். "பொம்பிளைப்பிள்ளை இருக்கிற இடம், சனம் பாக்க விடேலுமோ?" என்று என்மேல் எரிந்து விழுந்தான். ஊர்க்கதையும் ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது. மாப்பிள்ளையை விட்டுப் பிரிந்திருக்க ஏலாமல் மகள் கூடாரத்துக்கே குடிபோய்விட்டாள் என்று சனம் பகிடி பண்ணியது. அந்தப் பகிடியில் சீதனக் கதை அடிபட்டுப் போனது. தென்மராட்சிப் பகுதி திரும்ப வந்து பேசத் தொடங்கியது.

எல்லாம் சரி என்று நான் மூச்சு விடும்போது கொழும்பிலிருந்து எஞ்சினியர் வந்து இறங்கினார். பறங்கி இனத்தவர். சட்டம் என்றால் சட்டம் என்கிற மனிதர். எங்கள் எல்லோரையும் விடப் பெரிய தூரச் சம்பளம் அவருக்குத்தான். வருசத்தில் முக்கால்வாசி நாள் காட்டிலும் மேட்டிலும்தான் திரிவார். கல்லைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், திருப்திப்பட்டார். பிறகு கிடுகு மறைப்பைப் பார்த்தார். உள்ளே சாணி மெழுகிய நிலம், அடுப்பு, உலர்கின்ற சேலை.

"இது என்ன?" என்று இங்கிலீசில் கேட்டார்.

மறைக்காமல் சொன்னேன். அவருடைய முகம் இறுகிவிட்டது. "பெண்சாதி இருக்கிற இடம்தான் ஒருவனுக்கு வீடு. வீட்டில் இருப்பவனுக்குத் தூரச் சம்பளம் எப்படிக் கொடுப்பது?" என்றார்.

அவள் கண்டுபிடித்த வழியே இப்போது படியை அறுக்கிற கத்தியாக வந்து நின்றது. தைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. நல்லதம்பி யந்திரத்தடியில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது புனைந்து சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. எனக்கு இங்கிலீசு தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, என்ன சொன்னாலும் எடுபடும். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. இது அவளுடைய வீடு பற்றிய கேள்வி. பதிலும் அவளுடையதாகவே இருக்கட்டும்.

"அவளையே கேளுங்கள், நான் சொல்லுக்குச் சொல் மாற்றித் தருகிறேன்" என்றேன்.

சிவபாக்கியம் எஞ்சினியருக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். கல்லுப் பெட்டியொன்றைத் துடைத்து அவரை இருக்கச் சொன்னாள். அவர் இருக்கவில்லை. "இதுதான் உங்கள் வீடா?" என்று கேட்டார்.

அவள் பதறவில்லை. வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். "வீடு அங்கை இருக்கு, ஐயா. அவர் இன்னும் வீட்டை வரேல்லை. நானும் எவ்வளவு நாள் வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறது? அதுதான் நான் வந்து பாத்துக்கொண்டு நிக்கிறன்."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொன்னேன். எஞ்சினியர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பெட்டியில் இருந்தார். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார், பனங்கட்டியைக் கடிக்கத் தெரியாமல் கரைத்துக் குடித்தார். பிறகு, "என்னுடைய மனைவியும் கண்டியில் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்" என்றார் என்னிடம். "இந்தப் பெண் இங்கே விருந்தாளி. விருந்தாளி எப்போது போவாள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை."

நல்லதம்பியின் படி தை வரைக்கும் வந்தது. வல்வெட்டித்துறையில் தங்கச்சி கலியாணம் குறையில்லாமல் நடந்தது. கூறைச் சேலை மடித்துக் கொடுத்தது சிவபாக்கியம்தான். கந்தையாவின் வீட்டுச் சம்பளத்தைப் பற்றியும் எஞ்சினியரிடம் அன்றே கதைத்தேன், பிறகும் எழுதினேன், கத்தினேன். என் காலத்தில் அது திருந்தவில்லை. அது உங்கள் தலையில் கிடக்கிறது. அதற்கு மேசையில் அடியுங்கள், நானும் வந்து அடிக்கிறேன். ஆனால் தூரச் சம்பளக்காரனைச் சும்மா இருந்து எடுக்கிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை விட்டுவிட்டு எடுக்கிறான் என்று ஒருதரம் விசாரியுங்கள்.

தங்கச்சியின் கலியாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே நல்லதம்பி என் முன்னால் வந்து நின்றான். "அண்ணை, என்ரை ஊரை மாத்திப் பதியுங்கோ. கோப்பாய்."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ? படி போயிடும்."

"போகட்டும்."

"வாடா வீட்டுச் சம்பளக்காரா" என்று கந்தையா யந்திரத்தடியிலிருந்து கூவினான்.

சிவபாக்கியம் மத்தியானமே பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொழுதுபடும்போது நல்லதம்பி தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொட்டடிக்குப் போனான். முகம் கழுவி, தலை வாரி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். ஒரு கிடுகு வேலி, குனிந்தால் அந்தப்பக்கம். அவன் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுத்தான் குனிந்தான். அவள் விளக்கோடு வாசலில் நின்றாள். மத்தியானம் வரைக்கும் அவனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவள், கடல் கடந்து எத்தனையோ வருசம் போயிருந்தவனைக் காண்பது போல ஓரடி முன்னுக்கு வந்தாள்.

"வந்திட்டியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றான். "வந்திட்டன்."